குழாய்க்கு முந்தியது கிளை

தாவரவியல் படித்த எவரும் பள்ளியில் ஒருமுறையாவது எழுதியிருக்கக்கூடிய விடை இது. தாளின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் வாஸ்குலார் தாவரங்கள், வலப்பக்கம் வாஸ்குலார் அல்லாதவை. இடப்பக்கத்துக்கு சைலம், ஃபுளோயம் என்னும் கடத்துத் திசுக்கள் உண்டு, வலப்பக்கத்துக்கு இல்லை. முன்னதற்கு உண்மையான வேர், தண்டு, இலை. பின்னதற்கு வேரிகளும் தட்டையான உடலும். முன்னது உயரம், பின்னது குட்டை. முன்னது முன்னேறியது, பின்னது பழமையானது. மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் கடந்த ஐம்பது ஆண்டுகளின் புதைபடிவ ஆய்வும் மரபணு ஆய்வும் அந்தப் பட்டியலில் பல ஓட்டைகளைக் கண்டிருக்கின்றன. கோடு அழிந்துவிடவில்லை. அது வேறோர் இடத்தில் விழுகிறது.

கணக்கில் இரு பக்கமும் சமமில்லை. கடத்துத் திசு உள்ளவை ஏறத்தாழ மூன்றரை லட்சம் இனங்கள்: பெரணி, பைன், நெல், ஆலமரம், தென்னை எல்லாம் அதில் அடக்கம். எதிர்ப்பக்கத்தில் மூன்றே கூட்டங்கள். மாஸ்கள் சுமார் 12,000 இனங்கள், லிவர்வோர்ட்டுகள் 7,000 சொச்சம், ஹார்ன்வோர்ட்டுகள் 200-ஐ ஒட்டி. மூன்றையும் சேர்த்துப் பிரையோஃபைட்டுகள் என்கிறோம். மழைக்காலத்தில் கிணற்றுச் சுவரில் பச்சையாகப் படர்வதில் இவையும் உண்டு. ஊரில் இவற்றையும் பாசி என்றே சொல்வோம். குளத்துப் பாசி வேறு என்பதால் மாஸ் என்ற பாடநூல் பெயரையே இங்கே வைத்துக்கொள்கிறேன். சில பழைய நூல்கள் ஆல்காக்களையும் வாஸ்குலார் அல்லாதவற்றோடு சேர்க்கும். அது இந்தக் கேள்விக்கு உதவாது. தண்ணீரிலேயே கிடப்பதற்குத் தண்ணீர்க் குழாய் எதற்கு? கேள்வி கரையேறியவற்றைப் பற்றியது.

கரையேற்றம் பழைய சங்கதி. அர்ஜென்டினாவில் ஏறத்தாழ 47 கோடி ஆண்டுப் பழமையுள்ள பாறைகளில் நிலத் தாவரங்களின் ஸ்போர்கள் கிடைத்திருக்கின்றன. கரையில் காத்திருந்த சிக்கல் எளிதாகச் சொல்லிவிடக்கூடியது. உணவு தயாரிக்கக் காற்றிலிருந்து கரியமில வாயு வேண்டும். அது உள்ளே வர வழி திறந்தால் அதே வழியாக நீர் ஆவியாக வெளியேறும். போகும் நீரை ஈடுகட்ட ஓயாமல் உள்ளிருந்து நீர் கொண்டுவந்து கொடுக்கலாம்; அல்லது போனால் போகட்டும் என்று காய்ந்து, மழை வரும்வரை பொறுத்திருக்கலாம். மூன்றரை லட்சம் இனங்களில் பெரும்பாலானவை முதல் வழியில் போயின. மாஸ்கள் இரண்டாவதில்.

முதல் வழியின் மையம் சைலம். அந்தத் திசுவின் நீர்கடத்திச் செல்கள் செத்த பிறகே வேலைக்கு வருகின்றன. வளரும் செல் தன் சுவரை லிக்னின் கொண்டு தடிப்பாக்கி, பிறகு தன் உள்ளிருப்பைத் தானே கரைத்துவிட்டு வெறுங்குழாயாகிறது. பெரணிகளிலும் ஊசியிலை மரங்களிலும் இவை பெரும்பாலும் டிரக்கீடுகள் என்னும் குறுகிய, இருமுனையும் அடைத்த செல்கள். பூக்கும் தாவரங்களில் பெரும்பாலானவை முனைச்சுவர் திறந்த செல்களை அடுக்கி அகன்ற குழாய்களும் அமைத்துக்கொண்டன. லிக்னின் இல்லாவிட்டால் இது நடக்காது. உள்ளே இழுபடும் நீரின் விசைக்குக் குழாய்ச் சுவர் உட்பக்கமாக மடங்கிவிடும்.

இழுபடும் என்றேன். அந்த ஒரு சொல்லுக்காக நூறாண்டுக்குக் குறையாத சச்சரவு நடந்தது. உறிஞ்சு பம்பு எதுவாயினும் நீரைப் பத்து மீட்டருக்கு மேல் ஏற்ற முடியாது. வளிமண்டல அழுத்தம் தாங்கும் நீர்த்தூண் அவ்வளவுதான். கலிஃபோர்னியாவில் ஹைபீரியன் என்று பெயரிடப்பட்ட செம்மரம் 115 மீட்டரைத் தாண்டி நிற்கிறது. அதன் உச்சி இலைக்கு நீர் எப்படிப் போகிறது? உயிருள்ள செல்கள் இறைத்துக் கொடுக்கின்றனவா? ஜெர்மானியத் தாவரவியலர் எட்வர்ட் ஸ்ட்ராஸ்பர்கர் இருபது மீட்டருக்கும் மேற்பட்ட மரங்களை அடியில் அறுத்து நஞ்சுக் கரைசலில் நிறுத்தினார். வழியிலிருந்த உயிர்ச்செல்கள் மடிந்தன. கரைசல் ஏறிக்கொண்டே இருந்தது. 1891-இல் அதை அவர் வெளியிட்ட சில ஆண்டுகளில், 1894-இல், டப்ளினில் ஹென்றி டிக்சனும் ஜான் ஜோலியும் விளக்கம் தந்தார்கள். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றுகின்றன. இலையில் ஒன்று ஆவியாகும்போது பின்னாலிருப்பது இழுபடுகிறது. அந்த இழுப்பு அறுபடாமல் வேர்வரை போகிறது. செடி ஆற்றல் எதையும் செலவிடுவதில்லை. வேலை வெயிலுடையது.

இதை எல்லாரும் ஏற்றுவிடவில்லை. நம் நாட்டில் மறுத்தவர் ஜெகதீஷ் சந்திர போஸ். தண்டின் உயிருள்ள செல்கள் துடித்துத் துடித்துச் சாற்றை மேலேற்றுகின்றன என்று 1923-இல் சாறேற்றம் பற்றிய நூலொன்றில் வாதிட்டார். செடியின் உணர்வையும் அசைவையும் கருவியில் பதிவுசெய்தே வாழ்ந்தவருக்குச் செத்த குழாயில் நீர் தானாக ஏறுகிறது என்பது ஒப்பாமல் போனதில் வியப்பில்லை. அவர் செய்த கருவிகள் இன்றும் வியக்க வைப்பவை. அந்த முடிவு மட்டும் நிற்கவில்லை. 1965-இல் பெர் ஸ்கோலாண்டர் குழுவினர் உயர்ந்த மரங்களின் உச்சிக் கிளைகளைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தி, அழுத்தக் கலத்தில் வைத்து உள்ளிருந்த இழுவிசையை அளந்தார்கள். சுரபுன்னைக் காட்டு மரங்களையும் விட்டுவைக்கவில்லை. கடல்நீரிலிருந்து நன்னீரைப் பிரித்தெடுக்கவே சுமார் 25 வளிமண்டல அழுத்தம் வேண்டும். சதுப்பு நிலத்தில் நிற்கும் அம்மரங்களின் சைலத்தில் அதைவிட மிகுந்த இழுவிசை இருந்தது. பிச்சாவரத்தில் படகில் போகிறவர்கள் கவனித்துப் பார்க்க வேண்டிய மரங்கள்தாம்.

இந்த ஏற்பாட்டுக்கு விலை உண்டு. அவ்வளவு இழுபட்ட நீர்த்தூணில் ஒரு காற்றுக் குமிழ் புகுந்தால் அந்தக் குழாய் பயனற்றுப் போகிறது. வறட்சியில் மரம் சாவதற்கு முக்கியக் காரணங்களில் இது ஒன்று. குமிழ் பக்கத்துக் குழாய்க்குப் பரவாமலிருக்கச் செல்களுக்கு இடையே நுண்ணிய சவ்வு கொண்ட குழிகள் உண்டு. உயரத்துக்கும் எல்லை உண்டு: செம்மரங்களின் உச்சியில் அளந்தவர்கள் 122 முதல் 130 மீட்டருக்கு மேல் எந்த மரமும் போக இயலாது என்று 2004-இல் கணித்தார்கள்.

ஃபுளோயம் இதற்கு நேரெதிர். அது உயிரோடிருந்தே வேலை செய்கிறது. இலையில் செய்த சர்க்கரையை வேருக்கும் பூவுக்கும் காய்க்கும் அழுத்த வேறுபாட்டால் கொண்டுசேர்க்கிறது. 1930-இல் எர்ன்ஸ்ட் முன்ச் சொன்ன விளக்கம்தான் இன்றும் அடிப்படை. பனையின் பாளையைச் சீவிக் கலயம் கட்டும்போது சொட்டும் பதநீர் ஃபுளோயச் சாறே. மாமரத்துக்குப் பட்டையை வளையமாக உரித்தால் ஃபுளோயம் அறுந்து மரம் மெல்லச் சாகிறது. பனை அப்படிச் சாவதில்லை. அதன் கடத்துக் கற்றைகள் தண்டு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. பனைக்கு ஆண்டுதோறும் புதுக் கட்டை வைக்கும் திசுவும் கிடையாது. ஒருமுறை அமைந்த குழாய்களைக் கொண்டே ஆயுள் முழுக்க ஓட்டுகிறது.

இனி எதிர்ப்பக்கம். மாஸின் இலை பெரும்பாலும் ஒற்றைச் செல் கனம். நீர் வேரிலிருந்து வர வேண்டியதில்லை. அதற்கு வேரே இல்லை, பற்றிக்கொள்ளும் வேரிகள் மட்டுமே. மழையோ மூடுபனியோ உடல் முழுவதிலும் நேராக உள்ளே போகிறது, வெயிலடித்தால் அப்படியே வெளியேறுகிறது. காய்ந்த மாஸ் பலவும் சாவதில்லை. செல்லின் வேலைகளை நிறுத்திவைத்து, நீர் பட்டதும் சில நிமிடங்களில் மறுபடி தொடங்குகின்றன. அண்டார்க்டிகாவின் சிக்னி தீவில் 1,500 ஆண்டுகளுக்கு மேல் உறைந்து கிடந்த மாஸ் ஒன்று ஆய்வுக்கூட வெளிச்சத்தில் புதுத் தளிர் விட்டதை 2014-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். எந்தத் தேக்கு மரமும் இதைச் செய்யாது. குட்டையாக இருப்பதைக் குறையாகப் பட்டியலிடுவது எனக்கு எப்போதுமே உறுத்தும். உடல் முழுவதும் நீர் குடிக்கிற உயிருக்குப் பாறைமேல் ஒட்டிப் படர்வதே வசதி. மரம் வேர்விட முடியாத இடம் அது.

பட்டியலின் முதல் வரியே முழு உண்மையில்லை. பாலிட்ரைக்கம் என்னும் மாஸின் தண்டை வெட்டிப் பார்த்தால் நடுவில் நீண்ட, உள்ளீடற்ற, செத்த செல்களின் கற்றை தெரியும். நீரைக் கடத்துகிற ஹைட்ராய்டுகள் இவை. சுற்றிலும் சர்க்கரையைக் கடத்துகிற லெப்டாய்டுகள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பகுதிகளில் வளரும் டாசோனியா என்னும் உறவினர் இந்த ஏற்பாட்டின் துணையோடு அரை மீட்டர் உயரம் எட்டுகிறது. ஆக மாஸ்களிலும் சிலவற்றுக்குக் குழாய் உண்டு. இல்லாதது லிக்னின் பூசிய சுவர். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2014-இல் காட்டியது இன்னும் சுவையானது. பூக்கும் தாவரத்தில் செல்லைச் சைலமாக மாறச் செய்யும் மரபணுக்களின் உறவினரே ஃபிஸ்கோமிட்ரெல்லா என்னும் சிறு மாஸில் ஹைட்ராய்டுகளை உண்டாக்குகின்றன. செல்லைக் கொன்று குழாயாக்கும் வித்தையின் அடிப்படை இரு கூட்டங்களுக்கும் பொதுவான மூதாதையரிடமே இருந்திருக்க வேண்டும்.

இலைத்துளையும் இப்படித்தான். மாஸ்களிலும் ஹார்ன்வோர்ட்டுகளிலும் ஸ்போர் தரும் உறுப்பில் இலைத்துளைகள் உண்டு. லிவர்வோர்ட்டுகளில் அறவே இல்லை. பழைய கணக்கில் லிவர்வோர்ட் முதற்படி, மாஸ் இரண்டாம் படி, ஹார்ன்வோர்ட் மூன்றாம் படி, பிறகு பெரணி என்று ஏணி வைப்பார்கள். 2018 முதல் வந்த விரிவான மரபணு ஒப்பீடுகள் இந்த ஏணியைச் சாய்த்துவிட்டன. மூன்று பிரையோஃபைட் கூட்டங்களும் ஒரே கிளையாகச் சேர்கின்றன. வாஸ்குலார் தாவரங்கள் எல்லாம் மறு கிளை. மாஸ் பெரணிக்குப் பாட்டி அல்ல, ஒன்றுவிட்ட சகோதரி. லிவர்வோர்ட்டுகளில் இலைத்துளை இன்னும் தோன்றவில்லை என்பதல்ல, இருந்து தொலைந்திருக்கிறது. பொது மூதாதை நாம் நினைத்ததைவிடச் சிக்கலான உடல் கொண்டது, பிரையோஃபைட்டுகள் பலவற்றைக் கழித்துக்கட்டி எளிமையாகியிருக்கின்றன என்பதே இப்போது வலுத்துவரும் கருத்து.

அப்படியானால் இரு கிளைகளையும் பிரிப்பதுதான் என்ன? இதற்கு ஸ்காட்லாந்தின் ரைனி என்னும் சிற்றூருக்குப் போக வேண்டும். சுமார் 40.7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே வெந்நீர் ஊற்றுகள் இருந்தன. அவற்றின் சிலிக்கா கலந்த நீர் அக்கம்பக்கத்துச் செடிகளைச் செல் செல்லாகக் கல்லாக்கி வைத்திருக்கிறது. கற்களைச் சேகரிப்பதில் ஆர்வமுள்ள வில்லியம் மேக்கி என்ற மருத்துவர் 1912-இல் அதைக் கண்டார். தாவரவியலர்களான கிட்ஸ்டனும் லாங்கும் 1917 முதல் அச்செடிகளை விவரித்து எழுதினார்கள். அவற்றுள் ஒன்றை ரைனியா என்னும் பேரினத்தின் ஓர் இனம் என்றே வைத்தார்கள். வாஸ்குலார் தாவரம் என்பதில் அப்போது ஐயமில்லை. 1986-இல் டேவிட் எட்வர்ட்ஸ் மறுபடி நுண்ணோக்கியில் பார்த்தபோது அதன் கடத்துச் செல்களில் டிரக்கீடுகளுக்குரிய தடிப்பு இல்லை. அவை மாஸின் ஹைட்ராய்டுகளையே ஒத்திருந்தன. செடிக்கு அக்லோஃபைட்டான் என்று புதுப்பெயர் சூட்டினார். அதன் உடல் மட்டும் மாஸைப் போல இல்லை. ஸ்போர் தரும் தலைமுறை தனியாக நின்று, இரண்டிரண்டாகக் கிளைத்து, கிளைதோறும் ஸ்போர்கள் உண்டாகும் வித்துப்பை தாங்கியது. உண்மையான சைலம் இல்லாமலே கிளை இருந்திருக்கிறது.

என் பார்வையில் முழுப் பிரச்சினைக்கும் திறவுகோல் இந்தச் செடிதான். நிலத் தாவரம் ஒவ்வொன்றுக்கும் மாறிமாறி வரும் இரு தலைமுறை உண்டு என்று 1851-இல் வில்ஹெல்ம் ஹாஃப்மைஸ்டர் நிறுவினார்: பாலணுக்களைத் தரும் கேமீட்டோபைட், ஸ்போர் தரும் ஸ்போரோபைட். மாஸில் நாம் காணும் பச்சைச் செடி கேமீட்டோபைட். அதன் உச்சியில் நிற்கும் காம்பும் அதன் முனையிலுள்ள ஒற்றை வித்துப்பையும் ஸ்போரோபைட். ஆயுள் முழுக்கத் தாயின்மேல் ஒட்டியே வாழும், கிளைக்காது. பெரணியிலோ ஆலமரத்திலோ செடி என்று நாம் சொல்வது ஸ்போரோபைட்டை. பெரணியின் கேமீட்டோபைட் விரல்நகமளவே உள்ள பச்சைத் தகடு. பூச்செடியில் அது மகரந்தத்துக்குள்ளும் சூலுக்குள்ளும் சில செல்களாக ஒடுங்கிவிட்டது. ஸ்போரோபைட் ஒருமுறை கிளைக்கத் தொடங்கினால் வித்துப்பைகள் பெருகும், உடல் நீளும், நீளும் உடலுக்குத் தொலைவிலிருந்து நீர் வேண்டும். குழாய் அதன் பின்விளைவு. தாயைவிட்டுப் பிரியாத ஒற்றைக் காம்புக்கு அந்தத் தேவையே எழவில்லை.

ரைனி இதை மேலும் சிக்கலாக்கவும் செய்கிறது. அங்கே கிடைத்த கேமீட்டோபைட்டுகள் பெரணியின் தகட்டைப் போல ஒடுங்கியவை அல்ல. நிமிர்ந்து நின்றன, அவற்றிலும் கடத்து இழை இருந்தது. அக்காலத்தில் இரு தலைமுறையும் ஏறத்தாழ சமநிலையில் இருந்து, பின்னர் ஒரு கிளை ஒன்றையும் மறு கிளை மற்றதையும் வளர்த்துக்கொண்டது போலும். இன்னும் முந்திய குக்சோனியா, சில சென்டிமீட்டரே உயரமுள்ள செடி. 1937-இல் லாங் பெயரிட்டது. அதன் ஓர் இனத்தில் கடத்து இழை இருந்ததை 1992-இல் டயான் எட்வர்ட்ஸ் குழு உறுதிசெய்தது. ஆனால் சில குக்சோனியாக்களின் தண்டு தனக்கு வேண்டிய உணவைத் தானே செய்துகொள்ளப் போதாத அளவு மெல்லியது என்று கெவின் பாய்ஸ் 2008-இல் கணக்கிட்டுக் காட்டினார். அவை தாய் கேமீட்டோபைட்டைச் சார்ந்தே வாழ்ந்திருக்கலாம். கிளையும் சார்பும் சேர்ந்த ஓர் இடைநிலை.

கோடு இன்றைய செடிகளிலும் வளைந்தே போகிறது. நம் குளங்களில் மிதக்கும் உல்ஃபியா பூக்கும் தாவரம், அதாவது சந்தேகமற்ற வாஸ்குலார் கூட்டம். அதற்கு வேர் இல்லை, இலை இல்லை, சைலமும் இல்லை. உடல் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழ். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரப்பாறைகளில் காணும் சவ்வுப் பெரணிகளில் நரம்புகளுக்கு இடையே இலை ஒற்றைச் செல் கனம், இலைத்துளை கிடையாது. பெரணி உடம்பில் மாஸின் வாழ்க்கை. சஞ்சீவி என்று சொல்லிச் சந்தைகளில் விற்கும் செலாஜினெல்லா பிரையாப்டெரிஸ் காய்ந்து சுருண்டு மாதக்கணக்கில் கிடந்தும் நீரில் போட்டால் விரிகிறது. உடம்பு முழுக்க சைலம் வைத்துக்கொண்டே அதையும் செய்கிறது.

இனப்பெருக்கத்துக்குப் புறநீர் வேண்டும் என்பதை வாஸ்குலார் அல்லாதவற்றின் அடையாளமாக எழுதுவது இன்னொரு பிழை. பெரணிகளின் ஆண் பாலணுவும் நீந்தித்தான் போக வேண்டும். 1896-இல் ஜப்பானில் ஹிராசே ஜிங்கோ மரத்திலும் இகேனோ சைக்கஸிலும் நீந்தும் ஆண் பாலணுக்களைக் கண்டார்கள். விதை தரும் மரங்களிலேயே இந்தப் பழக்கம் முற்றிலும் போகவில்லை. மறுபக்கம், மாஸின் ஆண் பாலணுக்களை வாலால் துள்ளும் கொலம்போலா என்ற சிற்றுயிர்கள் சுமந்துபோய்ச் சேர்ப்பதை ஸ்வீடனில் நடந்த சோதனை ஒன்று 2006-இல் காட்டியது. பூவுக்குத் தேனீ செய்யும் வேலை.

நிலத்தின் வரலாற்றில் இரு கூட்டமும் விட்ட தடங்கள் வேறுவேறு. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கிரெட்டேசியக் காலக் கல்மரம் கிடக்கிறது; புவியியலர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் அறிவித்தது. திருவக்கரையிலும் கல்லான அடிமரங்கள் நிறைய. லிக்னின் ஏறிய கட்டை அழுகத் தாமதிப்பதால் கல்லாக அவகாசம் கிடைக்கிறது. மாஸ்களுக்கு அந்த வாய்ப்பு அரிது. அவற்றின் பழைய வரலாறு பெரும்பாலும் ஸ்போர்களிலும் மரபணுக்களிலும் தேடி எடுக்க வேண்டியதாயிருக்கிறது. ஆனால் வட துருவத்தை ஒட்டிய சதுப்புகளில் ஸ்பேக்னம் என்ற மாஸ், நீரை அமிலமாக்கித் தன்னையே அழுகவிடாமல் அடுக்கடுக்காகச் சேர்கிறது. உலக நிலப்பரப்பில் 3 விழுக்காடே உள்ள கரிச்சதுப்பு நிலங்கள், மண்ணிலுள்ள கரிமத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை வைத்திருக்கின்றன. தன் உலர்எடையைப் போல் பல மடங்கு நீர் பிடிக்கும் ஸ்பேக்னத்தை முதல் உலகப் போரில் காயக்கட்டாகவும் பயன்படுத்தினார்கள்.

இங்கே மாஸ்களைத் தேடியவர்கள் குறைவு. கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இருந்த பிரெஞ்சு இயேசு சபைத் துறவி ஃபோரோ பழனிமலை மாஸ்களைப் பட்டியலிட்டு 1961-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். சோலைக்காட்டு மரங்களில் அப்பிக்கிடக்கும் மாஸ் மூடுபனியை எவ்வளவு பிடித்து ஓடைக்கு விடுகிறது என்பது நீர்மேலாண்மைக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி. மலை மாவட்டங்களில் மரங்களை எண்ணும் அளவுக்கு நாம் இவற்றை எண்ணுவதில்லை.

வேரும் வடிகட்டியும் இல்லாத உடல் என்பதால் மாஸ் காற்றில் வருவதை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. மரம் மண்ணிலிருந்து எடுத்ததா, காற்றிலிருந்து எடுத்ததா என்று பிரித்தறிவது கடினம். மாஸில் அந்தக் குழப்பம் மிகக் குறைவு. 1960-களின் இறுதியில் ஸ்காண்டிநேவியாவில் கன உலோகங்களை அளக்க இதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். பிறகு ஐரோப்பா எங்கும் பரவியது. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் தெரு மரங்களில் வளர்ந்த மாஸைச் சேகரித்து வனத்துறை ஆய்வாளர்கள் அளந்தபோது, கண்ணாடித் தொழிற்கூடங்களை ஒட்டிய பகுதிகளில் காட்மியம் எகிறியிருந்தது. 2016-இல் செய்தி வெளியானது. அதுவரை அங்கே காற்றுக் கண்காணிப்புக் கருவிகள் அதைக் காட்டியிருக்கவில்லை. ஆரிகன் மாநிலம் அதன் பிறகே தொழிற்சாலைகளின் காற்று நச்சுகளுக்கான விதிகளைப் புதிதாக எழுதத் தொடங்கியது.